சிவப்பு பட்டனை ஒரு தடவைக்கு மேல் அழுத்தாதீர்கள்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. வெளியே 11 டிகிரி பாரன்ஹீட். நம்ம ஊர்க் கணக்கில் மைனஸ் 12. பன்னிரண்டு மணி வாக்கில் மதுரைக்காரன் வந்து என் கதவைத் தட்டினான். (ரூம்மேட். பேர் போட்டால் உதைப்பான்.)

"மச்சி, ரேடியேட்டர் சில்லுன்னு இருக்குடா."

தொட்டுப் பார்த்தேன். ஆமாம். நாலு பேரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினோம். மூலையில் எங்கள் வீட்டு எண்ணெய் பாய்லர் படுத்த எருமை மாதிரி கிடந்தது. அதன் முன்பக்கம் ஒரு சாம்பல் நிற டப்பா, அதில் ஒரு சிவப்பு பட்டன். இன்ஜினியரிங் படித்த நாலு பேர் சிவப்பு பட்டனைப் பார்த்தால் என்ன செய்வோம்? அழுத்தினோம். 'உர்ர்ர்' என்று மோட்டார் ஓடியது. முக்கால் நிமிஷத்தில் 'டக்' என்று நின்றது. மறுபடி அழுத்தினோம். மறுபடி உர்ர்ர், டக். இப்படி ஆறு தடவை. டீசல் வாடை வந்தது. அப்புறம் ஆளுக்கு ரெண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஹாலில் படுத்துவிட்டோம்.

காலையில் வீட்டுக்கார ஆன்ட்டி ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். எழுபது வயது இருக்கும். டூல் பாக்ஸை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"ஆறு" என்றேன், என்னமோ சாதனை மாதிரி.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பாய்லர் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பழந்துணியால் ஒத்தி ஒத்தி எடுக்க ஆரம்பித்தார். துணி முழுக்க சிவப்பு எண்ணெய். அந்தப் பட்டனை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பம்ப் 45 வினாடி எண்ணெயைப் பீய்ச்சுகிறது. பொறி மட்டும் வரவில்லை. எங்கள் நாசில் மணிக்கு 0.85 காலன் அளவு. நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஆறு தடவைக்கு ஏறக்குறைய கால் லிட்டர். ஏழாவது தடவை பொறி வந்திருந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றியிருக்கும். கதவு பிய்த்துக்கொண்டு போய், புகைக்கரி வீடு பூராவும் அப்பியிருக்கும். அது நல்ல விளைவு. கெட்ட விளைவை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குழாயில் ஓர் அழுக்கு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் சர்வீஸ் செய்தவர்கள் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கும் அட்டை. கடைசித் தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது. எலெக்ட்ரோடைத் தாங்குகிற பீங்கானில் விரிசல், நாசில் அடைப்பு. ரெண்டையும் மாற்றினார். முக்கால் மணி நேரத்தில் பாய்லர் உறுமியது. போகும்போது டார்ச்சை எதிர்ச் சுவரில் அடித்து, "அது என்னன்னு தெரியுமா தம்பி?" என்றார். சுவரின் மேல்பக்கம், தரைமட்டத்துக்குச் சற்று மேலே, துருப்பிடித்த சின்ன இரும்புக் கதவு. நான் எலிப்பொந்துக்கு மூடி என்று நினைத்திருந்தேன்.

"நிலக்கரி கொட்டுற கதவு" என்றார்.

இந்தப் பதிவு அந்தக் கதவிலிருந்து ஆரம்பிக்கிறது. தீசிஸ் எழுதவேண்டிய நேரத்தில் இதைத் தோண்டிக்கொண்டிருந்தேன் என்பதை என் கைடு படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தமிழ் தெரியாது அவருக்கு :-)

முதலில் கரி

எங்கள் வீடு 1920களில் கட்டியது. நியூ பிரன்ஸ்விக் பக்கம் இந்த மாதிரி மர வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் இங்கே வீட்டுச்சூடு என்றால் ஆந்த்ரசைட். பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் மட்டும் கிடைத்த கெட்டிக் கரி, புகை குறைவு, நின்று எரியும். நம்ம நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு நேர் எதிர் ஜாதி. (அம்மா சொல்வார்: பாட்டி வீட்டுத் தாமிர பாய்லரில் நெய்வேலி லெகோ கரி போட்டுத்தான் மார்கழி வெந்நீர். பாய்லர் என்ற வார்த்தையே எனக்கு அங்கேதான் அறிமுகம்.)

அந்தக் கரி இங்கே வந்த வழியில்தான் நான் சாயங்காலம் ஓடுகிறேன். டெலவேர் ராரிட்டன் கால்வாய். போர்டன்டவுனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வரை 44 மைல், 1834ல் திறந்தது. மண்வெட்டியும் கையுமாக வெட்டியவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள். 1832ல் காலரா வந்து நிறையப் பேர் அங்கேயே செத்தார்கள். அந்தத் தண்ணீரில் போன சரக்கில் பெரும்பங்கு பென்சில்வேனியா நிலக்கரி. இன்றைக்கு அது பூங்கா. வாத்து நீந்துகிறது, காதலர்கள் நடக்கிறார்கள், என் மாதிரி ஆட்கள் மூச்சு வாங்குகிறார்கள்.

கரியை வண்டிக்காரர் அந்த இரும்புக் கதவு வழியாகச் சறுக்கி விடுவார். அது பேஸ்மென்ட்டில் ஒரு மரத்தடுப்புக்குள் விழும். வீட்டு ஆள் காலையில் எழுந்ததும் சாம்பல் தட்டி, கரி அள்ளிப் போட்டு, காற்று வழியைத் திறந்து, ராத்திரி நெருப்பு அணையாமல் மூடாக்குப் போட்டுவிட்டுப் படுக்கவேண்டும். நம்ம வீடுகளில் அம்மி, உரல் மாதிரி இது தினசரி வேலை. பாய்லரில் கொதித்த நீராவி குழாய் வழியே ஏறி, ரூமுக்கு ரூம் வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குப் போய், குளிர்ந்து தண்ணீராகி அதே குழாயில் கீழே இறங்கும். ராத்திரி 'டங் டங்' என்று யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் வருகிறதே, அது இறங்குகிற தண்ணீரை ஏறுகிற நீராவி எத்தித் தள்ளும் சத்தம். முதல் வாரம் பேய் என்று நினைத்தோம்.

எங்கள் ஹால் ரேடியேட்டரின் பக்கவாட்டில் 'அமெரிக்கன் ரேடியேட்டர் கம்பெனி' என்று வார்த்திருக்கிறது. 1892ல் சில கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து உருவானது. நியூயார்க்கில் பிரையன்ட் பார்க் எதிரே கறுப்புச் செங்கல்லும் உச்சியில் தங்கநிறமுமாக ஒரு கட்டடம் நிற்கிறதே, அது இவர்கள் 1924ல் ரேமண்ட் ஹூட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டியது. கனன்று எரிகிற கரி மாதிரி இருக்கட்டும் என்றுதான் அந்த நிறம் என்பார்கள். நம்ம ஊரில் குளியலறைப் பீங்கானில் 'அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்' என்று பார்த்திருப்பீர்கள், அது இதே குடும்பம்தான். அவர்களின் தலைமையகம் வெகுநாள் எங்கள் யுனிவர்சிட்டி இருக்கும் பிஸ்கேட்டவேயில் இருந்தது.

ஒரு கொசுறு. பழைய வீடுகளில் ரேடியேட்டர் ஏன் ரூமுக்கு மீறிய சைஸில் இருக்கிறது, ஏன் ஜனவரியிலும் ஜன்னலைத் திறக்கவேண்டியிருக்கிறது? 1918 இன்ஃப்ளுயன்சா காலத்தில் காற்றோட்டம் வேண்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சுகாதார அதிகாரிகள் வலியுறுத்தினார்கள். அதற்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவற்றில் ஜன்னல் திறந்திருந்தாலும் குளிராத அளவுக்கு ரேடியேட்டர் வைத்தார்கள். கோவிட் பார்த்த நமக்கு இது புரியும்.

கரி நின்றுபோனது

இனிமேல்தான் விஷயம். வீட்டு ஆட்கள் கரியை ஏன் விட்டார்கள்? சாம்பல் அள்ளி அலுத்துப் போய் என்று நானும் நினைத்தேன். அது பாதிக் காரணம்தான்.

1902 மே மாதம் ஆந்த்ரசைட் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபர் வரை அஞ்சு மாசம். குளிர்காலம் நெருங்க நெருங்கக் கரி விலை பல மடங்கு ஏறியது. கடைசியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ரெண்டு தரப்பையும் வாஷிங்டனுக்குக் கூப்பிட்டார். ஒரு கமிஷன் போட்டு, தொழிலாளிக்கு 10 சதவீதம் கூலி உயர்வும், பத்து மணி நேர வேலை ஒன்பதாகவும் ஆனது. அந்த ஆட்கள் கேட்டது நியாயம். சுரங்கத்தில் செத்தவர்கள், நுரையீரலில் கரி படிந்தவர்கள் கணக்கைப் படித்தால் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் ஜெர்ஸியில் பேஸ்மென்ட் வைத்திருந்தவருக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது: தன் பிள்ளை குளிரில் நடுங்குவதும் நடுங்காததும் இருநூறு மைலுக்குள் இருக்கிற ஒரே ஒரு மலைத்தொடரின் கையில் இருக்கிறது.

1922ல் மறுபடி வேலைநிறுத்தம். 1925 செப்டம்பரில் மறுபடி, இந்தத் தடவை 1926 பிப்ரவரி வரை, அதாவது நட்ட நடுக் குளிர்காலம். எண்ணெய் பர்னர் விற்றவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

எண்ணெய்க்காரர்கள் பக்கமும் ஒரு அவசரம் இருந்தது. ஆரம்பத்தில் அவர்கள் விற்றது விளக்குக்கு மண்ணெண்ணெய். நம்ம பாட்டன்மார் 'சீமெண்ணெய்' என்று சொன்ன அதே சரக்கு. கப்பலில் வந்து தகர டின்னில் நம்ம ஊர்க் கிராமம் வரை போனது. அந்த வியாபாரத்தில் இருந்த நியூ ஜெர்ஸி ஸ்டாண்டர்ட் ஆயிலுக்கு எங்கள் பக்கத்து பேயோனிலும், 1909ல் திறந்த லிண்டன் பேவேயிலும் சுத்திகரிப்பு ஆலைகள். (1933ல் ஆசிய வியாபாரத்தை இவர்களும் இன்னொரு ஸ்டாண்டர்ட் கம்பெனியும் சேர்த்து ஸ்டான்வாக் ஆக்கினார்கள். இந்தியாவில் அது எஸ்ஸோ ஆகி, 1974ல் அரசுடைமையாகி, இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. நீங்கள் வண்டிக்கு பெட்ரோல் போடும் பங்க்கின் பூர்வீகத்தில் ஒரு கிளை எங்கள் ஊர்க் கோடியில் இருக்கிறது.) விளக்கை மின்சாரம் எடுத்துக்கொண்டது. பெட்ரோலைக் கார் எடுத்துக்கொண்டது. கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் நடுவில் வருகிற கனத்த பங்கை யார் வாங்குவது? பேஸ்மென்ட் வாங்கியது.

அந்த பர்னர் ஒன்றும் மந்திரம் இல்லை. நம்ம வீட்டு பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். பம்ப் அடித்தால் அழுத்தம், சின்ன ஓட்டை, அடைத்தால் பின் வைத்துக் குத்து. இதிலும் மோட்டார் ஒரே அச்சில் பம்ப்பையும் விசிறியையும் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயைச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் நாசிலுக்குத் தள்ளுகிறது. அது பனி மாதிரி தெளிக்கிறது. ரெண்டு கம்பிக்கு நடுவில் பத்தாயிரம் வோல்ட்டில் பொறி. பிடித்துவிட்டால் எரிகிறது. பிடிக்கவில்லை என்றால்? அதைப் பார்த்துக்கொள்ள ஒரு 'கண்' இருக்கிறது. பழைய மாடலில் புகைபோக்கிச் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கும். இப்போது காட்மியம் சல்ஃபைடு பதித்த சின்னக் கண்ணாடி வில்லை, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும். 45 வினாடிக்குள் அது நெருப்பைப் பார்க்கவில்லை என்றால் எல்லாவற்றையும் நிறுத்தி சிவப்பு பட்டனை வெளியே தள்ளும். அதாவது அந்தப் பட்டன் 'ஸ்டார்ட்' இல்லை. 'ஆபத்து, வந்து பார்' என்ற அலாரம். நாங்கள் அலாரத்தை ஆறு தடவை வாயைப் பொத்தினோம்.

இந்த வியாபாரத்தில் பணக்காரரான ஒரு ஜெர்ஸிக்காரர் கதை சொல்லாமல் போனால் பாவம். லியான் ஹெஸ். 1914ல் ஆஸ்பரி பார்க்கில் பிறந்தார். லித்துவேனியாவிலிருந்து வந்த அப்பாவின் எரிபொருள் வியாபாரம் பொருளாதார வீழ்ச்சியில் 1933ல் திவால். மகன் ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு, சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சுகிற அடிமண்டி எண்ணெயைக் கடற்கரை ஹோட்டல்களுக்குச் சூடாக்க விற்க ஆரம்பித்தார். பச்சை வெள்ளை ஹெஸ் பெட்ரோல் பங்க்கும், 1964லிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிற பொம்மை லாரியும் அங்கிருந்து வந்தவைதான்.

ஆனாலும் மாற்றம் மெதுவாகத்தான். 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்க வீடுகளில் பாதிக்கு மேல் கரிதான். எண்ணெய் பத்தில் ஒன்று. எண்ணெய் அதிகம் இருந்தது இந்தக் கிழக்குக் கரையில். அதுவே வினையானது.

எண்ணெயும் நின்றுபோனது

டெக்சாஸில் எடுத்த எண்ணெய் இங்கே வந்தது கப்பலில். போருக்கு முன் கிழக்குக் கரை எண்ணெயில் ஏறக்குறைய 95 சதவீதம் டேங்கரில்தான். 1942 ஜனவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தக் கரைக்கே வந்துவிட்டன. கடலோர ஊர்கள் விளக்கை அணைக்கவில்லை. சீசன் போய்விடும் என்று வியாபாரிகளுக்குப் பயம். அந்த வெளிச்சத்தில் டேங்கர்கள் நிழலுருவமாகத் தெரிந்தன, ஜெர்மானியர்கள் குறி வைத்து அடித்தார்கள்.

பிப்ரவரி 26 ராத்திரி, மனாஸ்குவான் கரைக்கு எதிரே 'ஆர். பி. ரீசர்' என்ற டேங்கர். நியூ ஜெர்ஸி ஸ்டாண்டர்ட் ஆயிலின் கப்பல். ஹூஸ்டனிலிருந்து மாசசூசெட்ஸுக்கு எரியெண்ணெய் கொண்டுபோனது. டார்பிடோ பட்டு எரிந்ததை ஜெர்ஸிக் கடற்கரையில் நின்று ஜனங்கள் பார்த்தார்கள். கடல்மேல் எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய ஐம்பது பேரில் ரெண்டே பேர் பிழைத்தார்கள். நான் இதைப் படித்துவிட்டு மனாஸ்குவான் போனேன். ஐஸ்கிரீம் கடையும் நீச்சலுடையும்தான் இருக்கிறது. அந்த எண்ணெய் யாரோ ஒருத்தர் பேஸ்மென்ட்டுக்குப் போகவேண்டியதாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

1942 அக்டோபரில் எரியெண்ணெய்க்கு ரேஷன் வந்தது. கூப்பன் காட்டினால்தான் எண்ணெய். வீட்டை 65 டிகிரியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் கணக்கு. ரேஷன் கடையில் கார்டைக் காட்டி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நமக்கு இது புதுசில்லை, அமெரிக்காவுக்குப் புதுசு. முடிந்தவர்கள் திரும்பக் கரிக்கு மாறுங்கள் என்றது அரசாங்கம். எங்கள் பெரியவர் சொன்னார், அவர் தாத்தா எண்ணெய் பர்னர் மாட்டியபோதே பழைய கரித்தட்டு இரும்புகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாராம். "போர் வந்ததும் தெருவில எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்து அளவு எடுத்துட்டுப் போனாங்க" என்றார், அப்பா சொல்லக் கேட்டது.

கப்பல் வேண்டாம், தரைக்கு அடியில் கொண்டுவா என்று முடிவானது. அப்போது பெட்ரோலியப் பொறுப்பில் இருந்தவர் ஹெரால்ட் இக்கிஸ். 'பிக் இன்ச்': 24 அங்குலக் குழாய், டெக்சாஸ் லாங்வியூவிலிருந்து கிழக்கே. 1942 ஆகஸ்டில் தோண்ட ஆரம்பித்து, 1943 ஆகஸ்டில் பென்சில்வேனியா வரை முடிந்தது. ஏறக்குறைய 1,250 மைல், ஒரே வருஷம். அதன் ஒரு கிளை வந்து சேர்ந்த இடம் எங்கள் லிண்டன். பின்னாலேயே 'லிட்டில் பிக் இன்ச்', 20 அங்குலம், 1944ல் அதே லிண்டனுக்கு. ரயிலில் நியூயார்க் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த ஆலைப் பக்கத்தின் குழாய்க் காட்டைப் பார்க்கலாம். நான் ரெண்டு வருஷம் அதை வெறும் அசிங்கம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கதையின் திருப்பம். போர் முடிந்தது, டேங்கர்கள் திரும்பின. அரசாங்கத்தின் கையில் ரெண்டு ராட்சதக் குழாய்கள் சும்மா. 1946 கடைசியில் நிலக்கரி வேலைநிறுத்தம் (ஆமாம், மறுபடி). அவசரத்துக்கு அந்தக் குழாய்களில் இயற்கை எரிவாயுவை அனுப்பிப் பார்த்தார்கள். வேலை செய்தது. 1947ல் டெக்சாஸ் ஈஸ்டர்ன் என்ற கம்பெனி 14.3 கோடி டாலருக்கு ரெண்டையும் வாங்கி எரிவாயுக் குழாயாக மாற்றியது. அதுவரை இங்கே எரிவாயு என்றால் கரியைச் சுட்டு நகர ஆலையில் எடுத்தது. சமையலுக்குக் கட்டும், வீட்டைச் சூடாக்கக் கட்டாது. டெக்சாஸ் வாயு வந்ததும் கணக்கு மாறியது.

யோசித்துப் பாருங்கள். கிழக்குக் கரை எண்ணெய் பாய்லர்களைக் காப்பாற்றத் தோண்டிய குழாய், அஞ்சே வருஷத்தில் அந்த பாய்லர்களைக் கொல்லப்போகிற சரக்கைச் சுமக்க ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு நியூ ஜெர்ஸியில் நாலில் மூணு வீட்டுக்கு இயற்கை எரிவாயு. எண்ணெய் பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

உடனே சாகவில்லை. புறநகர் வீடுகள் முளைத்த ஐம்பதுகள்தான் எண்ணெயின் பொற்காலம். 1960ல் அமெரிக்க வீடுகளில் மூணில் ஒன்று எண்ணெய். அப்போது டேங்கைத் தோட்டத்தில் புதைப்பது நாகரிகம். பேஸ்மென்ட்டில் இடம் மிச்சம், பார்க்கவும் அழகு.

அப்புறம் 1973 அக்டோபர். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. பீப்பாய் 3 டாலரிலிருந்து சில மாசத்தில் 12 டாலர் பக்கம் போனது. நிக்சன் டிவியில் வந்து தெர்மோஸ்டாட்டை 6 டிகிரி இறக்குங்கள், பகலில் 68 போதும் என்றார். 1977 பிப்ரவரியில் கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணப்பு முன்னால் உட்கார்ந்து, பகலில் 65, ராத்திரி 55 என்றார். 1973க்கு முன்னால் கால் டாலருக்குள் இருந்த ஒரு காலன் வீட்டு எண்ணெய் 1981ல் ஒரு டாலரைத் தாண்டியது. மாற முடிந்தவர்கள் எரிவாயுவுக்கு மாறினார்கள். முடியாதவர்களுக்கு லாங் ஐலண்டின் புரூக்ஹேவன் ஆய்வகம் போன்ற இடங்களில் எண்ணெயை எப்படிக் குறைவாக எரிப்பது என்று ஆராய்ந்தார்கள். காற்றைச் சுழற்றி நெருப்பை நாசில் முனையிலேயே பிடித்து வைக்கும் புது பர்னர்கள் பரவின. எங்கள் வீட்டில் இருப்பது அந்தத் தலைமுறை. அட்டையின் முதல் தேதி 1986.

இன்னும் மண்ணுக்கடியில்

நிற்க. இந்த மாற்றங்களுக்கு யார் பணம் கட்டினார்கள்?

புதைத்த டேங்க் இரும்பு. இரும்பு துருப்பிடிக்கும். எரிவாயுவுக்கு மாறியவர்கள் பலர் டேங்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டை விற்றார்கள். ஐம்பது வருஷம் கழித்து ஓட்டை விழுந்து எண்ணெய் மண்ணில் இறங்குகிறது. நியூ ஜெர்ஸியின் 1976ஆம் வருஷத்து எண்ணெய்க் கசிவுச் சட்டம் கடுமையானது. புதைத்தவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார், செலவு இப்போதைய சொந்தக்காரர் தலையில் விழலாம். அதனால்தான் எடிசனில், பிஸ்கேட்டவேயில் வீடு பார்க்கிற நம்ம ஆட்கள், கிழக்கு பார்த்த வாசலா என்று கேட்பதோடு, தோட்டத்தில் உலோகம் தேடும் கருவியோடு ஒரு ஆளையும் நடக்கவிடுகிறார்கள். வாஸ்துவைவிட இது முக்கியம், சொல்லிவிட்டேன்.

எண்ணெயில் இருந்த கந்தகம் இன்னொரு கடன். 2014 ஜூலையில் பத்து லட்சத்தில் 500 பங்கு, 2016 ஜூலையில் 15 பங்கு என்று மாநிலம் குறைத்தது. பாய்லருக்குள் படிகிற கசடு குறைந்தது. காற்றுக்கும் நல்லது.

2000ல் வடகிழக்குக்கு என்று 20 லட்சம் பீப்பாய் வீட்டு எண்ணெயை அவசரக் கையிருப்பாக வைத்தார்கள். அதில் பெரிய பங்கு எங்கள் பக்கத்து வுட்பிரிட்ஜில். 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது முதல்முறையாக அந்தக் கையிருப்பைத் தொட்டார்கள். ஆனால் சாண்டி காட்டியது வேறொன்று. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் பர்னர் மோட்டார் ஓடவில்லை. கரி பாய்லருக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. 2022ல் உக்ரைன் போர். காலன் 5 டாலரைத் தாண்டியது. மறுபடியும் எங்கோ ஒரு கடல், எங்கோ ஒரு சண்டை.

எனக்குப் புரிந்தது இதுதான். இந்த ஊரில் எரிபொருள் மாறிய ஒவ்வொரு தடவையும் 'முன்னேற்றம்' என்று பேர் வைத்தார்கள். ஆனால் தள்ளிவிட்டது பெரும்பாலும் பயம்: சுரங்கம் நின்றது, கப்பல் முங்கியது, துறைமுகம் மூடியது. அடுத்தது நம்பகமானது என்று நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் தாவினார்கள். கரிக்காரரிடமிருந்து தப்பிக்க எண்ணெய். எண்ணெய்க்காரரிடமிருந்து தப்பிக்க வாயு. சங்கிலி நீண்டதே தவிர அறுந்ததில்லை. நாம் கையில் வைத்திருப்பது கடைசி மூணு அடி மட்டும்: நாசில், வடிகட்டி, அந்தப் பீங்கான். அதையாவது வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் இல்லையா? நாலு வருஷம் பார்க்காததற்கு ஆன்ட்டியை மட்டும் குறை சொல்ல மனசு வரவில்லை. ரெண்டு குளிர்காலமாக அந்த அட்டை முன்னால்தான் நான் துணி துவைக்கிறேன். ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

பெரியவர் அன்றைக்கு அட்டையில் தேதி, நாசில் அளவு, கையெழுத்து போட்டார். இடம் தீர்ந்து ஓரத்தில் எழுதினார். ஆன்ட்டி அடுத்த கோடையில் எரிவாயுவுக்கு மாறப் போகிறாராம், எஸ்டிமேட் வாங்கியிருக்கிறார். குழாய்க்காரன் அனேகமாக அந்தக் கரிக் கதவு வழியாகவே லைனை இழுப்பான் என்றார் பெரியவர். அட்டையை எனக்குத் தர முடியுமா என்று ஆன்ட்டியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

டிஸ்கி: எண்ணெய் பாய்லர் வீட்டுக்கு வாடகைக்குப் போகும் ஜூனியர்களுக்கு.

1. நின்றுபோனால் முதலில் தெர்மோஸ்டாட், பேஸ்மென்ட் படியருகே இருக்கும் சிவப்பு சுவிட்ச், டேங்க் முள் மூணையும் பாருங்கள். யாரோ லைட் என்று நினைத்து சுவிட்சை அணைத்திருப்பான்.

2. சிவப்பு பட்டன் ஒரே ஒரு தடவை. பிடிக்கவில்லையா, மெக்கானிக்.

3. டேங்க் காலி என்றால் அவசரத்துக்கு பங்க் டீசல் போதும், ஏறக்குறைய அதே சரக்குதான். மஞ்சள் கேனில் வாங்குங்கள், சிவப்புக் கேன் பெட்ரோலுக்கு. தப்பித் தவறிக்கூட பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றிய பிறகு பம்ப்பில் சிக்கிய காற்றை எடுக்கவேண்டும், தெரியாதவர் கை வைக்க வேண்டாம்.

4. நீராவி பாய்லர் என்றால் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். காய்ந்த பாய்லரில் சுடச்சுடப் பச்சைத்தண்ணீர் விட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

5. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் படுக்காதீர்கள்.

6. அட்டையைப் படியுங்கள்.